சோலைவரியும் மாமாவின் மஞ்சள் எழுத்தும்

மாமா இறந்து பதின்மூன்று வருடமாகிறது. ஆனாலும் அவருக்கு இன்னும் கடிதம் வருகிறது. போன வருடம் மார்ச் மாதம், சபையிலிருந்து சைக்கிளில் வந்த தம்பி கேற்றடியில் நின்று மாமாவின் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார். விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமி தலையை நிமிர்த்தாமலே, "அவரு இல்லயே மனே" என்றார். கேட்டவர்கள் மாமா சந்தைக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தம்பி நீட்டிய கொப்பியில் என் மனைவி கையெழுத்துப் போட்டு நோட்டீஸை வாங்கி, பிரிஜ்ஜுக்கு மேல் வைத்துவிட்டு மறந்துபோனாள். இரவு நான் டியூஷன் முடித்து வந்து பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு சோலைவரி நோட்டீஸ்.

சோலைவரி என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது, வீடு வளவுக்கு உள்ளூர்ச் சபை அறவிடுகிற வரிதான் அது. எங்கள் வளவில் நிற்பது ஒரு மாமரமும் நாலு தென்னையும். சில இடங்களில் ஆதனவரி என்று எழுதுகிறார்கள். எங்கள் சபை எது என்று நான் சொல்லப்போவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலுமாக மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த திங்கட்கிழமை குப்பை வண்டிக்காகப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நான் கணித ஆசிரியர், கணக்கை விட்டால் எனக்கும் கதை வராது. அதுவரை எங்கள் வீட்டின் வருடாந்தப் பெறுமதி 18,000 ரூபாய். வீட்டுக்கு 5 சதவீதம் வரி, ஆக வருடத்துக்கு 900, காலாண்டுக்கு 225. நல்ல மீன் ஒன்று வாங்க முடியாத காசு என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். புதிய நோட்டீஸில் வீட்டுக்குப் பெறுமதி 168,000. இரண்டாவது நோட்டீஸ், எங்கள் வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏ எழுத்துப் போட்டு, "கடை" என்று சொல்லி 72,000. கடைக்கு வீதம் 10. இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 15,600 ரூபாய்.

கடையா? எந்தக் கடை?

முதலில் எனக்கு நோட்டீஸில் கண்ணில் பட்டது அடியில் பொடி எழுத்தில் இருந்த வரிதான். ஆட்சேபனை இருந்தால் நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். மனைவி கையெழுத்திட்ட திகதியை அப்போதே மூலையில் பென்சிலால் குறித்து வைத்தேன். விடைத்தாளில் திகதி போடாத பிள்ளைக்கு ஒரு புள்ளி வெட்டுகிற பழக்கம். அது உதவியது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எங்கள் ஒழுங்கை முழுக்க இதே பேச்சு. ஒருவர் "யாரும் கட்டக் கூடா, என்ன செய்வானுகள் பாப்பம்" என்றார். கட்டாமல் விட்டால் வாரண்ட் வரும், அதன் செலவும் நம் தலையில் விழும், வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்யவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர் விளங்கப்படுத்தினார். அப்புறம் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். "சேர், கூடிப்போச்சு எண்டு எழுதாதீங்க. எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. வாடகையைப் பத்தி எழுதுங்க."

வருடாந்தப் பெறுமதி என்றால் என்ன என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. வீட்டை விற்றால் வருகிற விலையோடு ஏதோ சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மாநகர சபைக் கட்டளைச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வரிகளை வாடகைக்கு இருப்பவர் கட்டுகிறார், திருத்தவேலைச் செலவை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு நியாயமாக ஒரு வருடத்துக்கு எவ்வளவு வாடகை கிடைக்கும்? அந்தத் தொகைதான். வீடு சும்மா பூட்டிக் கிடந்தாலும் அதற்காகக் குறைக்கமாட்டார்கள். பெறுமதியைப் போடுகிறவர்கள் விலை மதிப்பீட்டுத் திணைக்களத்து ஆட்கள். எத்தனை சதவீதம் என்பதைத்தான் சபை தீர்மானிக்கிறது.

எங்கள் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது? இது மாமி மாமாவுக்குச் சீதனமாகக் கொண்டுவந்த வளவு. மாமி அதை இரண்டாகப் பிரித்து, புது வீட்டை மூத்தவளுக்கும், தாய்வீட்டைக் கடைசி மகளான என் மனைவிக்கும் உறுதி எழுதிக்கொடுத்தார். நான் எங்கள் பக்கத்து எல்லா மாப்பிள்ளைகளையும் போல ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தவன். இந்த வளவுக்குள் வாடகை என்ற சொல்லே யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் கேட்கிறது சட்டம்.

மறுநாள் இடைவேளையோடு பாடசாலையிலிருந்து கிளம்பி சபைக் கந்தோருக்குப் போனேன். மதிப்பீட்டுப் பதிவேட்டைப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது என்பது எனக்கே அங்கே போனபிறகுதான் தெரியும். அந்தப் பகுதியில் இருந்த பிள்ளை முகம் சுளிக்காமல் பெரிய லெட்ஜரைத் திறந்து காட்டினாள். எங்கள் இலக்கத்துக்கு எதிரே இரண்டு குறிப்பு. "மேல் தளம் உண்டு." "முன் அறை கடை, பெயர்ப்பலகை உண்டு."

அங்கேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேல் தளத்தின் கதை 1978 நவம்பர் 23 இல் தொடங்குகிறது. அன்று இரவு சூறாவளியில் ஓட்டுக் கூரை போய், மாமாவும் மாமியும் கைக்குழந்தையோடு கட்டிலுக்குக் கீழே கிடந்து விடிந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாமாவுக்கு ஓட்டில் நம்பிக்கையே போய்விட்டது. காசு கிடைத்த நேரமெல்லாம் வீட்டின் பாதிக்கு கொங்கிறீட் பிளேட் போட்டார். மேலே ஒரு நாள் மாடி வரும் என்று தூண் எழுப்பிக் கம்பி விட்டார். மாடி வரவில்லை. கம்பி துருப்பிடித்து நிற்கிறது. நாலு தூணுக்கும் மேலே தகரம் போட்டு, அதற்குக் கீழே தண்ணீர்த் தாங்கியும் உடுப்புக் காயப்போடுகிற கயிறும் இருக்கின்றன. றோட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது மாடி மாதிரித்தான் தெரியும்.

கடையின் கதை இன்னும் மோசம். 2002 சமாதான காலத்தில் மாமா முன் அறையில் ஒரு கொமினிகேஷன் தொடங்கினார். வெளிநாட்டு அழைப்பு, போட்டோக்கொப்பி, பாஸ்போர்ட் படிவம் நிரப்பிக் கொடுத்தல். பெயர்ப்பலகைக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல், முன்சுவரிலே தானே மஞ்சள் பெயின்ற்றால் எழுதினார். வெளிநாட்டு அழைப்பைக் குறிக்கிற "ஐ.டி.டி." என்பதில் இரண்டாவது டி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், ஏணியிலிருந்து கை எட்டவில்லையாம். 2004 சுனாமி நடந்த வாரத்தில் இந்த அறைக்கு முன்னால் ஒழுங்கை முடியும்வரை ஆட்கள் வரிசையில் நின்றார்களாம், "நாங்க உயிரோட இரிக்கம்" என்ற ஒரு வசனத்தை லண்டனுக்கும் கனடாவுக்கும் சொல்ல. மாமா அந்த வாரம் யாரிடமும் காசு வாங்கவில்லை என்று மாமி சொல்வார். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, கடை மூடிவிட்டது. அறையில் இப்போது மாமி படுக்கிறார். எழுத்து மட்டும் சுவரில் நிற்கிறது, மங்கி, ஆனால் வாசிக்கக்கூடியதாக. மதிப்பீட்டாளர் அதை வாசித்திருக்கிறார். வருடத்துக்கு 7,200 ரூபாய் எழுத்து.

இனி ஆட்சேபனை எழுதவேண்டும். மேல் தளம் இல்லை, கடை இல்லை என்பது சுலபம், படம் எடுத்து இணைத்தால் சரி. வீட்டுக்கு மாதம் 14,000 வாடகை கிடைக்காது என்று காட்டுவதுதான் கஷ்டம். அதற்கு அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டை உதாரணம் சொல்லவேண்டும். என்னிடம் இருந்ததிலே சிறந்த உதாரணம் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது. மனைவியின் அக்கா, எங்கள் மச்சாளின் வீடு. உண்மையான மேல்வீடு, தரைக்கு டைல்ஸ், குளியலறை மூன்று. அதற்குப் போட்டிருந்த பெறுமதி 120,000. எங்கள் வீட்டைவிட 48,000 குறைவு. மச்சாளின் வீட்டுக்கு முன்னால் நிற்கிற பெரிய வேம்பு மேல்வீட்டை மறைத்துவிட்டது என்பது என் ஊகம்.

அதை எழுதினால் என் வழக்கு வென்றதுதான். மச்சாளின் பெறுமதி இரண்டு மடங்காகவும் கூடும். மூன்று இரவு நானும் மனைவியும் இதையே பேசினோம். "எழுதாதீங்க" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். "மறுகா அவட முகத்தில முழிக்கேலா." ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற இரண்டு வீடு. பொங்கலுக்கு ஒரே அடுப்பு. அவள் சொன்னதுதான் சரி, ஆனாலும் அந்த 120,000 இரவில் என் தலைக்குள் எலி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆக வாடகை வீடு தேடி ஒழுங்கை முழுக்க நடந்தேன். வாடகை எவ்வளவு என்று நம் ஊரில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், சம்பளத்தைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டின் சொந்தக்காரர் லண்டனில், அவருடைய தம்பிதான் வாடகை வாங்குகிறார். கேட்டதும் "ஏன் சேர், நீங்க இப்ப இன்கம் டக்ஸா?" என்றார். வங்கியில் வேலைசெய்கிற ஒரு பையன், என் பழைய மாணவன், இரண்டு அறை வீட்டுக்கு 10,000 கொடுப்பதாகச் சொன்னான், எழுத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு தாதி அம்மாவின் குடும்பம். மூன்று அறை, எங்கள் வீட்டின் அளவு, மாதம் 12,000, அதுவும் சட்டத்தரணி முன் எழுதிய உடன்படிக்கை. பிரதி எடுக்கத் தந்தார். அவருக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு.

மாதம் 11,000, வருடம் 132,000 என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி முடித்தேன். எழுத்து என்னுடையது, கையொப்பம் மனைவியுடையது, உறுதியின் பிரதியும் அவள் பெயரில். மருமகன் ஆட்சேபிக்க முடியாது. முப்பது வருடம் மேடையில் நின்று பாடம் நடத்துகிறவன், அந்த மேசைக்கு முன் யாருமில்லை. கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கியபோது இன்னும் நாலு நாள் மிச்சமிருந்தது.

விசாரணை மே மாதம், வெயில் கொளுத்துகிற ஒரு நாள். சபை மண்டபத்தில் அறுபது பேர் இருப்போம், மின்விசிறி மூன்று, ஓடியது ஒன்று. மேசையில் மதிப்பீட்டு உத்தியோகத்தர், வருமானப் பரிசோதகர், எழுத ஒருவர். எங்கள் இலக்கம் 23. ஆக 22 பேரின் வழக்கைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

ஒரு பெரியவர் எழுந்து தன் ஒழுங்கையில் லைட் எரியவில்லை, கான் வெட்டவில்லை, மாரி வந்தால் முழங்கால் தண்ணீர் என்று பத்து நிமிடம் பேசினார். "அது வேற முறைப்பாடு ஐயா, அதுக்கு வேற பகுதி" என்று விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அதே தண்ணீரை, "மாரியில தண்ணி ஏறுறதால வாடகைக்கு வந்தவங்க டிசம்பரில விட்டிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பார்கள். ஒரு அம்மா, தங்கச்சியின் வீடு, அவள் கனடாவில், ஐந்து வருடமாகப் பூட்டு என்றார். உத்தியோகத்தர் தலையாட்டி, பூட்டிக் கிடப்பதற்குச் சட்டத்தில் குறைப்பு இல்லை என்றார். அந்த அம்மா மெதுவாக, "கூரை இறங்கிப் போச்சு, ஒருவரும் இரிக்கேலா" என்றார். உடனே அவர் பேனாவை எடுத்தார். பாதிப் பேர் வந்தது கஷ்டத்தைச் சொல்ல. புருஷனுக்கு வருத்தம், கடன், பிள்ளையின் படிப்பு. எல்லாம் உண்மைதான், மேசையில் இருந்தவர்கள் காதுகொடுத்தும் கேட்டார்கள். ஆனால் கேள்வித்தாளில் வேறு கேள்வி.

எங்கள் முறை வந்தது. மனைவி உறுதியைக் கொடுத்தாள். நான் படங்களை வைத்தேன்.

"கடை இல்லை எண்டுறீங்க. சுவரில எழுதியிருக்கே சேர்?"

"எழுத்துத்தான் இருக்கு. கடையில இப்ப படுத்திருக்கிறது என்ர மாமி."

படத்தில் கட்டில், நுளம்பு வலை, சுவரில் பிள்ளையார் கலண்டர், பக்கத்தில் இரண்டு நெல் மூட்டை. உத்தியோகத்தர் படத்தை வருமானப் பரிசோதகரிடம் தள்ளினார். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். தாதி அம்மாவின் உடன்படிக்கையைத்தான் கனநேரம் வாசித்தார்கள். வீட்டின் அளவு என்ன, கிணறா குழாயா, பிரதான வீதியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக் குறித்தார்கள். எல்லாம் ஏழு நிமிடம். நேரில் ஒருவர் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்தவர் அடுத்த கிழமையே வந்தார், அளவு நாடாவோடு. நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அறையை அளந்தார், மேலே ஏறி காய்கிற உடுப்புகளுக்கு நடுவே நின்று தூண்களைப் பார்த்தார், துருக் கம்பியைத் தட்டினார். இறங்கி வந்தவருக்கு மாமி தேத்தண்ணீர் கொடுத்தார். கொடுத்தது காணாதென்று பக்கத்தில் உட்கார்ந்து கதையும் தொடங்கினார்.

"நல்லா ஓடின கடை மனே. அவரு எழுதின எழுத்து அது."

நான் இருமினேன்.

"இந்த வீட்டில என்ன இரிக்கி. அந்தா பாருங்க, மூத்தவளுட வீடு. மேல்வீடு கட்டி, மாபிள் மாதிரிக் கல்லுப் பதிச்சு..."

மாமி கையை நீட்டிய திசையில் அந்த மனிதர் திரும்பினார். வேம்புக்கு ஊடாகப் பார்த்தார். என் மனைவி குசினியிலிருந்து ஓடிவந்து "இன்னும் கொஞ்சம் சீனி போடட்டா சேர்?" என்றாள், அவருடைய கோப்பை ஏற்கனவே காலி. அவர் கொப்பியைத் திறந்தார், ஏதோ எழுதினார், மூடினார். எங்கள் வீட்டைப் பற்றியா, வேலிக்கு அந்தப்பக்கத்தைப் பற்றியா என்று கேட்க முடியுமா?

ஜூலை முடிவில் கடிதம் வந்தது. கடை இலக்கம் நீக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் பெறுமதி 138,000. வருடம் 6,900 ரூபாய். திருப்தி இல்லையென்றால் முப்பது நாளுக்குள் நீதிமன்றம் போகலாம் என்றும் இருந்தது. போகவில்லை. பழைய 900 உடன் வகுத்துப் பார்த்தால் ஏழரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஏழரை என்றதும் மாமி சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கச் சொன்னார். நான் இந்த ஜனவரி 31க்கு முன்னமே முழு வருடத்தையும் கட்டி 10 சதவீதக் கழிவை எடுத்தேன், 6,210 தான் போனது. காலாண்டுக்குக் கட்டுகிறவர்களுக்கும் அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 சதவீதம் உண்டு, பலருக்கு இது தெரியாது. பெயர்மாற்றத்துக்கும் விண்ணப்பம் கொடுத்தோம். பற்றுச்சீட்டு இன்னும் மாமாவின் பெயரில்தான் வந்தது.

சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு வாளி பெயின்ற் வாங்கி வைத்தேன். மாமி விடவில்லை. வாளி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

மச்சாள் விஷயம் மிச்சம். எங்களுக்குக் குறைந்த செய்தி ஒழுங்கையில் பரவிய அன்று பின்னேரம், ஒரு தட்டில் பாலப்பம் மூடிக்கொண்டு வேலிக் கடப்பால் வந்தார். மறு கையில் அவருடைய நோட்டீஸ், மடித்தபடி, ஒரு தரம்கூட விரிக்காத மாதிரி.

"மச்சான், எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தாங்க. ஒரு லட்சத்து இருபதாயிரம் போட்டிரிக்கானுகள், அநியாயம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் நோட்டீஸை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, அடியிலுள்ள பொடி எழுத்தை விரலால் காட்டினேன். ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்றேன். அது உண்மைதான்.

"ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே" என்று மச்சாள் சலித்துக்கொண்டார். நான் பாலப்பத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.